‘மற்றவர்கள்’ வரிசையில் ஒரு பெண்: என் கதையின் வேட்பாளர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்த ஒரு பெண், ஜனநாயகக் கட்சியிலும் சேராமல் குடியரசுக் கட்சியிலும் சேராமல், ஒரு சின்னக் கட்சியின் சார்பில் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார். இதுதான் நான் எழுதிய நெடுங்கதை. அந்தப் பெண் முழுக்கக் கற்பனை. அவரைச் சுற்றியுள்ள அமெரிக்கா கற்பனை இல்லை. அங்குள்ள சட்டங்களும் தேதிகளும் பழைய வேட்பாளர்களும் உண்மையானவர்கள், உண்மையானவை. படித்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். கதையைப் படிக்காதவர்களுக்கும் புரியும்படி, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

கதாநாயகிக்கு ஏன் பெயரே இல்லை?

அமெரிக்கத் தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் ஓடும் அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். முதல் வரியில் ஒரு பெயர், படம், சதவீதம். இரண்டாவது வரியிலும் அப்படியே. மூன்றாவது வரியில் ‘மற்றவர்கள்’ என்று மட்டும் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து மனிதர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போனவர்கள். நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்த வரிதான் காரணம். அதனால் கதை முழுக்க அவரை ‘வேட்பாளர்’ என்றே எழுதினேன். கடைசிப் பக்கத்தை மூடும்போது, இவ்வளவு தெரிந்த ஒருவரின் பெயர் தெரியவில்லையே என்று வாசகருக்கு உறுத்த வேண்டும் என்று விரும்பினேன்.

சுருக்கமாக அவர் வாழ்க்கை என்ன?

பிறந்தது 1961, யங்ஸ்டவுன் நகரம். அப்பா உருக்காலைத் தொழிலாளி. 1977 செப்டம்பர் 19 அன்று யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி தன் பெரிய ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போனது. அந்த ஊரில் அந்த நாளை இன்றும் ‘கறுப்புத் திங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள். நம் வேட்பாளருக்கு அப்போது 16 வயது. அப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார். கதை தொடங்குவது அந்தக் காலையில்.

அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், 24-ஆவது வயதில் பேருந்து ஓட்டும் உரிமம். ஊர் மன்றத்தில் ஒரு முறை வெற்றி, காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, நின்று ஒரு முறை தோல்வி, கடைசியில் ஜனாதிபதித் தேர்தல். அதிலும் தோல்விதான். அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஏன் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்? வக்கீல், பேராசிரியர் என்று வைத்திருக்கலாமே?

வைத்திருக்கலாம். ஆனால் ஒரு ஊர் காலியாகிக்கொண்டே போவதைத் தினமும் கண்ணால் பார்க்கிற வேலை எது என்று யோசித்தேன். 1970-இல் யங்ஸ்டவுனின் மக்கள்தொகை சுமார் 1,40,000. 2010-இல் அது 67,000-க்கும் கீழே. புள்ளிவிவரமாகச் சொன்னால் இது இரண்டு எண்கள். பேருந்து ஓட்டுபவருக்கு இது வேறு மாதிரித் தெரியும். செப்டம்பரில் நான்கு பிள்ளைகள் ஏறிய நிறுத்தத்தில் ஜனவரியில் இரண்டு பேர். அடுத்த வருடம் அந்த நிறுத்தமே இல்லை. பாதையின் வரைபடத்தை ஒவ்வொரு கோடையிலும் திருத்திக் கொடுப்பார்கள். அவர் பழைய வரைபடங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். பிற்காலத்தில் மேடையில் அவர் காட்டும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்கள்தான்.

நிஜத்தில் யாரையாவது பார்த்து எழுதியதா?

ஒரே ஆளைப் பார்த்து எழுதவில்லை. ஆனால் வேட்பாளரின் மனதில் ஒருவர் குடியிருக்கிறார். யூஜின் டெப்ஸ்.

டெப்ஸ் 1855-இல் இந்தியானா மாநிலத்தின் டெரே ஹோட் நகரில் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு ரயில்வே வேலைக்குப் போனார். 1893-இல் அமெரிக்க ரயில்வே யூனியனைத் தொடங்கினார். அடுத்த வருடம், புல்மன் என்ற ரயில்பெட்டிக் கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம். அதற்காக ஆறு மாதம் சிறை. சோஷலிஸ்டாக ஐந்து முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 1912-இல் சுமார் 6% ஓட்டு வாங்கினார்.

1918 ஜூன் 16 அன்று ஒஹையோவின் கேன்டன் நகரில், முதல் உலகப் போரை எதிர்த்து அவர் பேசினார். அந்தப் பேச்சுக்காகப் பத்து வருடத் தண்டனை. 1920 தேர்தலில் அட்லான்டா சிறைக்குள்ளிருந்தே நின்றார். கைதி எண் 9653. தொண்டர்கள் அந்த எண்ணையே பொத்தான் சின்னங்களில் அச்சிட்டுச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். வெளியே வந்து ஒரு கூட்டம்கூடப் பேச முடியாத அந்த மனிதருக்கு 9 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜனாதிபதி ஹார்டிங் அவரை விடுவித்தார்.

கேன்டன், யங்ஸ்டவுனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். டெப்ஸ் பேசிய இடத்துக்கு அப்பா ஒருமுறை மகளைக் கூட்டிப்போகிறார். அங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘இங்கேதான் நின்னார்’ என்று மட்டும் சொல்கிறார். அந்தக் காட்சியைப் பதினோரு தடவை திருத்தி எழுதினேன்.

இன்னொருவர் விக்டோரியா உட்ஹல். அவரும் ஒஹையோக்காரர். பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை கிடைப்பதற்கு 48 வருடம் முன்பே, 1872-இல் ஜனாதிபதி வேட்பாளரானார். அந்தப் பதவிக்கு வேண்டிய 35 வயதுகூட அவருக்கு அப்போது நிறையவில்லை. ஓட்டுப் பதிவு நாளன்று சிறையில் இருந்தார். அப்புறம் லெனோரா ஃபுலானி. 1988-இல் 50 மாநிலங்களின் வாக்குச்சீட்டிலும் இடம்பெற்ற முதல் பெண் ஜனாதிபதி வேட்பாளர் அவர். கறுப்பினத்தவரில் முதல் ஆளும் அவர்தான். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

மூன்றாம் கட்சிக்காரர் ஜெயிக்கவே முடியாதா?

ஜனாதிபதித் தேர்தலில் யாரும் ஜெயித்ததில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். லிங்கனின் குடியரசுக் கட்சி 1860-இல் ஜெயித்தபோது, பழைய விக் கட்சி சரிந்து அந்த இடத்தை அது பிடித்திருந்தது.

காரணம், அங்கே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது 538 தேர்வாளர் வாக்குகள், அதாவது மாநிலவாரியாகப் பங்கிட்ட பிரதிநிதிகள் போடும் வாக்குகள். 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும், முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும். இரண்டாவதாக வந்தால் ஒன்றுமில்லை. 1992-இல் ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரருக்கு நாடு முழுக்க ஏறக்குறைய 19% ஓட்டு விழுந்தது. ஐந்தில் ஒருவர். தேர்வாளர் வாக்கு பூஜ்யம்.

1948-ஐ எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகப் புரியும். ஸ்ட்ராம் தர்மண்ட், ஹென்றி வாலஸ் என்ற இரண்டு மூன்றாம் கட்சி வேட்பாளர்கள். இருவருக்கும் சுமார் 2.4% ஓட்டு. தர்மண்டின் ஓட்டு முழுக்கத் தென் மாநிலங்களில் குவிந்திருந்ததால் 39 தேர்வாளர்கள் கிடைத்தார்கள். வாலஸின் ஓட்டு நாடெங்கும் சிதறியிருந்ததால் ஒருவர்கூட இல்லை.

அப்படியானால் மூன்றாம் கட்சிக்காரர்கள் எல்லோரும் கொள்கைக்காகத் தோற்கிற நல்லவர்களா?

இல்லை. இதை நேரடியாகச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தர்மண்ட் நின்றதே இனப் பிரிவினையைக் காப்பாற்றத்தான். 1968-இல் ஜார்ஜ் வாலஸ் ஐந்து தென் மாநிலங்களில் ஜெயித்து 46 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். அவரும் இனப் பிரிவினையை வைத்து வளர்ந்தவர். தனியாக நிற்பதாலேயே ஒருவர் சரியானவராகிவிட மாட்டார்.

கதையில் இதற்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. வேட்பாளரின் பெயர் வாக்குச்சீட்டில் ஏற வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். ஒரு ஆள் அப்படி முன்னூறு கையெழுத்தோடு வருகிறார். வெறுப்பைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாதவர். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த கூட்டத்தில் தனக்கு மேடையில் நாற்காலி வேண்டும். நம் வேட்பாளர் உடனே மறுக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அந்தத் தாள்களை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில்தான் திருப்பிக் கொடுக்கிறார். ‘அந்த ராத்திரி தேவையா, உடனே மறுத்திருக்கலாமே’ என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த ராத்திரி இல்லாவிட்டால் காலையில் திருப்பிக் கொடுத்ததற்கு எடை இருக்காது என்பது என் எண்ணம்.

கையெழுத்து வாங்கும் அத்தியாயம் ஏன் அவ்வளவு நீளம்? இந்தியாவில் போல டெபாசிட் கட்டிவிட்டு நிற்க முடியாதா?

பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. அதனால்தான் அவ்வளவு நீளம். மூன்றாம் கட்சி வேட்பாளரின் வாழ்க்கையில் பெரும்பகுதி, வாக்குச்சீட்டில் பெயர் அச்சாவதற்கே போய்விடுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இந்தச் சிக்கலே இல்லை. ஓட்டுச் சீட்டை அந்தந்தக் கட்சியே அச்சடித்துக் கொடுத்தது. 1888-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசே அச்சிடும் ரகசிய வாக்குச்சீட்டுக்குச் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. மிரட்டலும் ஓட்டு விலைபேசலும் குறைய அது நல்ல வழி. ஆனால் அரசு அச்சடிக்கிறது என்றால், யார் பெயரை அச்சடிப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்த விதியை எழுதிய சட்டமன்றங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பெரிய கட்சிக்காரர்கள்.

ஒஹையோ இதில் பேர்போன மாநிலம். 1960-களில் அங்கே ஒரு புதுக் கட்சி சீட்டில் இடம்பெற, முந்தைய ஆளுநர் தேர்தலில் விழுந்த ஓட்டில் 15% அளவுக்குக் கையெழுத்து வேண்டும். 1968 கணக்கில் அது 4,33,100 கையெழுத்து. அதுவும் பிப்ரவரிக்குள். அந்த வருடம்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. 1980-இல் ஜான் ஆண்டர்சன் சுயேச்சையாக நிற்க முடிவு செய்தபோது ஒஹையோவின் கடைசித் தேதி மார்ச்சிலேயே முடிந்திருந்தது. அவர் வழக்குப் போட்டார். அவ்வளவு முன்கூட்டிய தேதி அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 1983-இல் தீர்ப்பு வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1968-இல் தீர்ப்பு வந்த அந்த முதல் வழக்கில் ஜெயித்த கட்சிகளில் ஒன்று, மேலே சொன்ன ஜார்ஜ் வாலஸின் கட்சி. ஒரு மோசமான வேட்பாளரின் வழக்கு, பின்னால் வந்த நல்லவர்களுக்கும் கதவைத் திறந்தது. அப்பா இதைச் சொல்லும்போது மகளுக்குக் கோபம்தான் வருகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அதிகாரிகள் ஒவ்வொன்றையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். வீடு மாறியவர் புது விலாசத்தை எழுதியிருந்தால் அடிபடும். வாக்காளராகப் பதிவு செய்யாதவர் போட்டது அடிபடும். ஒரே ஆள் இரண்டு முறை போட்டாலும் அடிபடும். அதனால் கேட்ட எண்ணிக்கையைப் போல ஒன்றரை மடங்காவது வாங்கி வைக்கச் சொல்வார்கள். வீடு வேகமாக மாறுகிறவர்கள் ஏழைகள். அடிபடும் கையெழுத்தும் அவர்களுடையதே அதிகம். பேருந்து நிறுத்தங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் பெண்ணுக்கு, யார் எந்த வீட்டிலிருந்து எங்கே போனார் என்று தெரியும். அந்த அறிவுதான் அவரைக் காப்பாற்றுகிறது.

அவர் எப்போதும் கையில் வைத்திருக்கும் பரீட்சை அட்டை எங்கிருந்து வந்தது?

1992-இலிருந்து. அந்த வருடம் பிப்ரவரியில் ராஸ் பெரோ தொலைக்காட்சிப் பேட்டியில், ‘50 மாநிலங்களிலும் நீங்களே என் பெயரைச் சீட்டில் ஏற்றினால் நிற்கிறேன்’ என்ற பொருளில் சொன்னார். நாடெங்கும் சாதாரண ஜனங்கள் கிளிப் வைத்த அட்டையோடு தெருவில் இறங்கினார்கள். நம் வேட்பாளரும் அவர்களில் ஒருவர். 31 வயது, முதல் அரசியல் வேலை. கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்குகிறார்.

ஜூலை 16-ஆம் தேதி பெரோ விலகிவிட்டார். அக்டோபர் 1-ஆம் தேதி திரும்பி வந்தார். நடுவில் இருந்த அந்தப் பதினோரு வாரம் அவருக்காக வெயிலில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வரலாறு பெரோவைப் பற்றிப் பேசுகிறது. அந்த அட்டைகளைப் பற்றிப் பேசுவதில்லை. நம் வேட்பாளர் அட்டையை எறியவில்லை. பெரோவின் பெயர் ஒட்டியிருந்த காகிதத்தை மட்டும் கிழித்துவிட்டு வைத்துக்கொள்கிறார்.

‘ஓட்டைப் பிரித்துவிட்டார்’ என்ற பழியைக் கதை எப்படி எடுத்துக்கொள்கிறது?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். சிலர் என்னைத் திட்டியும் எழுதினார்கள்.

2000-ஆம் ஆண்டில் ஜனாதிபதித் தேர்தலையே முடிவுசெய்த ஃபுளோரிடாவில், குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்கு ஜனநாயகக் கட்சியின் அல் கோரைவிட 537 ஓட்டு அதிகம். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு 97,488 ஓட்டு. கதையில் வேட்பாளரின் தம்பி ஃபுளோரிடாவில் இருக்கிறார். நேடருக்குப் போட்டவர். அம்மா நான்கு வருடம் அவரோடு பேசவில்லை. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் ஒரு நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

ஓட்டு, போடுகிறவருடையது. அது ‘எடுக்கப்பட்டது’ என்று ஒரு கட்சி சொன்னால், முன்பே அது தன் சொத்து என்று நினைக்கிறது என்று பொருள். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் 537 என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1844-இல் இதைவிடக் கொடுமை நடந்தது. அடிமை முறையை எதிர்த்த லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பர்னிக்கு நியூயார்க்கில் 15,000-க்கு மேல் ஓட்டு. அங்கே விக் கட்சி வேட்பாளர் ஹென்றி க்ளே தோற்றது சுமார் 5,000 ஓட்டில். நியூயார்க் போனதால் தேர்தலே போனது. ஜெயித்த போல்க்கின் காலத்தில் டெக்சாஸ் அடிமை மாநிலமாகச் சேர்ந்தது, மெக்சிகோவோடு போர் வந்தது. அடிமை முறையை வெறுத்தவர்களின் ஓட்டு போன வழி அது.

வேட்பாளரிடம் தம்பி கேட்கிறார்: ‘அக்கா, நான் பண்ணது தப்பா?’ அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் நிரப்பவும் இல்லை. என்னிடம் கேட்டால், இரண்டாம் விருப்பத்தையும் எழுதவிடும் தரவரிசை வாக்குமுறை இந்த வேதனையைப் பெருமளவு குறைக்கும். மெய்ன் மாநிலம் 2018 முதல் காங்கிரஸ் தேர்தல்களில் அதைப் பயன்படுத்துகிறது.

ஊர் மன்றத்தில் ஜெயிப்பது கதைக்காகச் சேர்த்ததா? நிஜத்தில் நடக்குமா?

நன்றாகவே நடக்கும். மில்வாக்கி நகரம் 1910 முதல் 1960 வரை மூன்று சோஷலிஸ்ட் மேயர்களைக் கண்டது. கழிவுநீர்க் குழாய், பூங்கா, சுகாதாரம் என்றே பேசியதால் ‘சாக்கடை சோஷலிஸ்டுகள்’ என்று சொந்தக் கட்சிக்காரர்களே கேலி செய்தார்கள். ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். பெர்னி சாண்டர்ஸ் 1970-களில் ஒரு சின்னக் கட்சி சார்பில் நான்கு முறை நின்று நான்கு முறையும் தோற்று, 1981-இல் பர்லிங்டன் மேயர் தேர்தலில் சுயேச்சையாகப் பத்து ஓட்டில் ஜெயித்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த் 2013-இல் சியாட்டில் நகர மன்றத்துக்குச் சோஷலிஸ்டாகத் தேர்வானார். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கான போராட்டத்தில் முன்னால் நின்றார்.

நம் வேட்பாளர் மன்றத்தில் செய்த ஒரே பெரிய காரியம், பள்ளிக்கூடப் பாதையில் ஒரு தெருவிளக்கு வரிசை. அதற்கு இரண்டு வருடம் ஆனது.

விவாத மேடைக்கு வெளியே நடக்கும் காட்சி?

ஜனாதிபதி வேட்பாளர் விவாதங்களை நடத்த 1987-இல் ஓர் ஆணையம் உருவானது. 2000 முதல், கருத்துக்கணிப்புகளில் சராசரியாக 15% இருந்தால்தான் மேடை என்று அது விதி வைத்தது. விவாதத்தில் தோன்றாதவரை யாருக்கும் தெரியாது. தெரியாதவருக்கு 15% வராது. 2012-இல் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் விவாத அரங்குக்குள் நுழைய முயன்று கைதாகி, மணிக்கணக்கில் நாற்காலியோடு விலங்கிடப்பட்டிருந்தார்.

என் வேட்பாளர் உள்ளே நுழைய முயலவில்லை. தெருவிளக்கின் கீழ் வானொலியோடு நிற்கிறார். நெறியாளர் கேள்வி கேட்டதும் ஒலியைக் குறைத்துவிட்டுத் தன் பதிலைச் சொல்கிறார். கேட்பவர்கள் ஒன்பது பேர், அதில் ஒருவர் காவலர்.

பணம்?

இருந்ததில்லை. 5% ஓட்டு வாங்கினால் கட்சிக்கு அரசு நிதியில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பக்கமே அவர் போகவில்லை.

தோற்றவரின் கொள்கைக்கு என்ன ஆகிறது?

1892-இல் மக்கள் கட்சி என்ற விவசாயிகளின் கட்சி ஒமாஹா நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டது. வருமானத்துக்கேற்ற வரி, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, எட்டு மணி நேர வேலை. அவர்களின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவருக்கு 22 தேர்வாளர் வாக்கு. சில வருடங்களில் கட்சி கரைந்துபோனது. வருமான வரியும் செனட் நேரடித் தேர்தலும் 1913-இல் அரசியல் சாசனத் திருத்தங்களாகின. அவற்றை நிறைவேற்றியவர்கள் பெரிய கட்சிக்காரர்கள். வீவர் அதற்கு முந்தைய வருடம் இறந்துவிட்டார்.

கதையிலும் ஒரு சட்டம் வருகிறது. பெரிய நிறுவனங்கள் ஆலையை மூடும் முன் தொழிலாளிக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற 1988-ஆம் ஆண்டுச் சட்டம். மகள் செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டுகிறார். அப்பா படித்துவிட்டு, மடித்து, சாப்பாட்டுத் தூக்கு இருக்கும் அலமாரியில் வைக்கிறார்.

அவருக்கு மொத்தம் எத்தனை ஓட்டு? கதை சொல்லவே இல்லையே?

மொத்த எண்ணை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவருடைய சொந்த வாக்குச்சாவடியில் 41 என்பதை மட்டும் சொன்னேன். தேர்தல் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை விடியும் முன்பே அவர் பணிமனைக்குப் போய், டார்ச் அடித்து டயரைப் பார்த்து, விளக்குகளைப் போட்டுப் பார்த்து, அவசரக் கதவைத் திறந்து மூடி, வண்டியை எடுக்கிறார். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறும் முதல் வகுப்புக் குழந்தை, ‘ஜெயிச்சீங்களா?’ என்று கேட்கிறது. ‘இல்லடா கண்ணு, உட்காரு, வண்டி கிளம்பப் போகுது.’

அப்புறம் பாதை முழுக்க, விளக்கு எரியும் ஒவ்வொரு சமையலறை ஜன்னலையும் பார்த்துக்கொண்டே போகிறார். தன் வீடு, பக்கத்து வீட்டு இரண்டு பேர், ஒரு கிழவர். நாற்பத்தொரு பேரில் பத்தொன்பது பேரை அவரால் கண்டுபிடிக்க முடிகிறது. மீதி இருபத்திரண்டு பேர் யார் என்று தெரியாமலேயே பள்ளி வாசல் வந்துவிடுகிறது.